சொல்லு பொருந்தல

பள்ளிக்கூடத்தின் இரும்புக் கதவை வெளியே நின்று யார் தட்டினாலும், உள்ளிருந்து முதலில் வருவது ஒரே ஒரு சொல்தான்: "யாரு?" தபால்காரருக்கும் அதே சொல், தண்ணீர் வண்டி ஓட்டுபவருக்கும் அதே சொல், காலையில் வேலைக்கு வரும் தலைமையாசிரியைக்கும் அதே சொல். ஆகவே பிள்ளைகள் அந்தக் காவல்காரப் பெண்ணுக்கு யாரக்கா என்று பெயர் வைத்தார்கள். ஆசிரியைகள் முதலில் கண்டித்தார்கள். பிறகு அவர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள். வருகைப் பதிவில் உள்ள பெயரை இன்று அலுவலக எழுத்தரும் சற்று யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சந்தேகம் அவருக்கு இந்த வேலையோடு வந்ததன்று. பள்ளிக்கு வருமுன் அவர் ஏற்றுமதிச் சட்டைகள் தைக்கும் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருந்தார். பிறர் தைத்ததில் பிழை தேடுவதற்காகவே சம்பளம் வாங்கியவர். குழல்விளக்கின் கீழே சட்டையை விரித்து, கழுத்துப்பட்டையிலிருந்து தொடங்கி, உள்பக்கம் திருப்பி, மீண்டும் வெளிப்பக்கம் திருப்பிப் பார்ப்பார். தொழிற்சாலை மூடப்பட்ட பின்னரும் கண் மூடவில்லை. கடையில் வாங்கிய பால் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். வேறு நகரத்தில் குடியிருக்கும் மகள் தொலைபேசியில் அழைத்தாலும் "யாரு?" என்றுதான் எடுப்பார்.

"அம்மா, நான்தாம்மா. என் பேர் வரலையா போன்ல?"

"பேரு வருது. பேசுறது யாருன்னு கேக்கறேன்."

அவருடைய கணவர் முதுகுவலியால் முன்கூட்டியே ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர். அவர் இதைப் பற்றி அக்கம்பக்கத்தில் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "ஊருக்கெல்லாம் நான் டிக்கெட் குடுத்தேன். என்கிட்டயே டிக்கெட் கேக்குற ஒரே ஆளு இவதான்."

கதவுக் காவல் வேலைக்கு இப்படிப்பட்ட ஒருவர் கிடைத்தது பள்ளிக்கு வசதியாகவே இருந்தது. ஆயினும் அவர் வாழ்க்கையில் சந்தேகப்படத் தவறிய ஒரு கணமும் உண்டு. அதிலிருந்துதான் மற்றவை எல்லாம் தொடங்குகின்றன.

பள்ளிக்குப் பின்னால் மொத்த வியாபாரச் சந்தை இருக்கிறது. அங்கே லாரிச் சரக்கு இறக்கும் உரிமை யாருக்கு என்பதில் இரண்டு கூட்டத்தாருக்குள் பகை வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு நண்பகலில் தண்ணீர் வண்டிக்காகப் பெரிய கதவைத் திறந்திருந்த நேரத்தில், சட்டை கிழிந்த ஓர் இளைஞன் வண்டியின் பக்கவாட்டில் ஓடிவந்து உள்ளே நுழைந்தான். "அக்கா, கொல்லப் போறாங்க" என்றான். யாரக்கா "யாரு?" என்று கேட்கவில்லை. அவனை உள்ளே விட்டுவிட்டுக் கதவைச் சாத்த முயன்றார். வண்டி பாதி நுழைந்து நின்றதால் கதவைச் சாத்த முடியவில்லை. துரத்தி வந்தவர்கள் அதே இடைவெளியில் புகுந்து, குடிநீர்க் குழாயடியில் வைத்து அவனை அடித்தார்கள். எல்லா வகுப்பறை ஜன்னல்களும் அந்தக் குழாயடியைப் பார்த்தவை. அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் பிள்ளைகள் வெகுநாள் வரை தண்ணீர் குடிக்கத் தனியாகப் போக மறுத்தார்கள்.

நிர்வாகம் அவருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தது. இனி ஒருமுறை, எக்காரணம் கொண்டும், சச்சரவில் உள்ள வெளியாள் எவரையும் உள்ளே அனுமதித்தால் பணியில் நீடிக்க இயலாது என்பது அதன் சாரம். யாரக்கா அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். கணவருடைய மருந்துச் செலவும் வீட்டு வாடகையும் அந்தக் கதவை நம்பித்தான் இருந்தன.

அதன் பிறகு வதந்திகள் வந்தன. பழிக்குப் பழியாகச் சரக்கு இறக்குபவர்களின் பிள்ளைகளைத் தூக்கப் போகிறார்கள் என்று முதலில் பேசினார்கள். அடுத்து, யார் பிள்ளையாக இருந்தாலும் தூக்குவார்கள் என்றார்கள். ஒரு பெண் அழுதுகொண்டே பேசும் குரல்பதிவு எல்லோர் கைபேசிக்கும் வந்தது. அவள் யார் என்று எவருக்கும் தெரியவில்லை. ஹெல்மெட் போட்ட ஓர் ஆள், பள்ளி விடுவதற்குச் சற்று முன்னால் வருவான், சொந்தக்காரன் என்று சொல்லிக் கூட்டிப் போவான் என்றது அந்தக் குரல். நடந்த தெருவின் பெயர் மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொன்றாக இருந்தது.

பெற்றோர் கூட்டத்தில் என்ன செய்யலாம் என்ற கேள்வி எழுந்தபோது, கதவருகே நின்றிருந்த யாரக்கா ஒரு யோசனை சொன்னார். சட்டையை இரண்டு பக்கமும் பார்ப்பதைப் போல ஆளையும் பார்க்க வேண்டும். அழைத்துப் போக வருபவரிடம் "பிள்ளைக்கு நீங்க யாரு?" என்று வெளியே கேட்பது, பிறகு பிள்ளையைத் தனியே நிறுத்தி "இவரு உனக்கு யாரு?" என்று கேட்பது. இரண்டு வாயும் ஒரே உறவைச் சொன்னால் அனுப்புவது. தலைமையாசிரியைக்கு இது பிடித்துப்போயிற்று. அலுவலக அறை மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்ததால், முடிவை யாரக்கா கதவருகிலிருந்தே உரக்கச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. "சொல்லு பொருந்துது" என்றால் எழுத்தர் ஜன்னல் வழியே கையைக் காட்டுவார். "சொல்லு பொருந்தல" என்றால் எழுந்து வருவார்.

உறவுமுறைச் சொற்கள் ஓர் ஒழுங்கில் இருக்கும் என்று அவர்கள் எல்லோரும் நம்பியதுதான் இதில் இருந்த பிழை. அது முதல் நாளிலேயே தெரிந்தது. பெற்றோர் சங்கத் தலைவர் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். மகளை அழைத்துப் போக வந்த அவரிடம் முறைப்படி கேட்டதற்கு, "என்னம்மா, விளையாடுறீங்களா? அப்பா" என்றார். உள்ளே மகள் "அண்ணா" என்றாள்.

"சொல்லு பொருந்தல!" என்று யாரக்கா மைதானம் அதிரச் சொன்னார்.

மருந்துக்கடைக்காரரின் முகம் சிவந்தது. "நான் பெத்தவன்மா!"

"பெத்தவருன்னு நீங்க சொல்றீங்க. பாப்பா அண்ணாங்குது. நான் எதை எடுத்துக்கறது?"

"வீட்ல என் தம்பிங்க, தங்கச்சிங்க எல்லாம் அண்ணான்னு கூப்பிடுறதைக் கேட்டு இவளும் அப்படியே கூப்பிடுறா. அதுக்கு நான் என்ன பண்ண?"

பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண், "அப்ப வீட்டுக்காரம்மாவ அண்ணின்னு கூப்பிடுமோ?" என்று கேட்டதும் வரிசை முழுவதும் சிரித்தது. எழுத்தர் வந்து சாட்சி சொன்ன பிறகே மகள் வெளியே அனுப்பப்பட்டாள். மருந்துக்கடைக்காரர் அந்தச் சிரிப்பை மறக்கவில்லை. மறுநாள் முதல் அவர் மகள் தெளிவாக "அப்பா" என்றாள். வீட்டில் பயிற்சி நடந்திருக்க வேண்டும்.

இப்படிச் சில திருத்தங்களுக்குப் பிறகு விதி ஓடத் தொடங்கியது. குரல்பதிவும் ஓடிக்கொண்டேயிருந்தது. கதவுக்கு நேர் எதிரே, சாலையின் மறுபக்கத்தில், பஞ்சர் கடை ஒன்று உண்டு. அதை நடத்தும் இளைஞர் அந்தப் பதிவைத் தம் கடையில் சத்தமாகப் போட்டுக் காட்டுவார். காத்திருக்கும் பெற்றோர் அங்கே நிழலுக்கு ஒதுங்குவார்கள், கேட்பார்கள், பிறகு சாலையில் வரும் ஒவ்வொரு ஹெல்மெட்டையும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அன்று கடைசி மணிக்குச் சற்று முன்னால் ஒருவர் இருசக்கர வண்டியில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடியை மட்டும் மேலே தள்ளிவிட்டு, மூச்சு வாங்க, இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் பெயரைச் சொன்னார்.

"யாரு?"

"அவளோட சித்தப்பா. அவங்க அம்மா படியில விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம். ஆபரேஷனுக்கு முன்னாடி பொண்ணைப் பார்க்கணும்னு அழறாங்க. சீக்கிரம் அனுப்புங்கம்மா."

சிறுமியை வகுப்பிலிருந்து வரவழைத்தார்கள். யாரக்கா அவளைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தி, கதவின் கம்பி வழியே காட்டிக் கேட்டார்.

"பாப்பா, அது யாரு உனக்கு?"

"மாமா."

"எந்த மாமா? நல்லாப் பார்த்துச் சொல்லு."

"மாடி மாமா."

யாரக்காவின் மனத்தில் அப்போது ஓடிய கணக்கு இதுதான். மாடி மாமா என்றால் மாடியில் குடியிருப்பவர். குடியிருப்பவர் உறவினர் ஆகமாட்டார். ஆகவே சித்தப்பா என்றது பொய். அவர் கம்பியருகே திரும்பி வந்தார்.

"நீங்க அவங்க வீட்டு மாடியில குடியிருக்கீங்களா?"

"முன்னாடி இருந்தேன்."

"சித்தப்பான்னு சொன்னீங்க?"

"ஆமாம்மா, சித்தப்பாதான்."

"குடியிருந்தவரு எப்படிச் சித்தப்பா ஆவாரு?"

"அது… ஆயிட்டேன்."

"ஆயிட்டீங்களா? அதுக்கு எதாவது பரீட்சை எழுதுனீங்களா?"

அவர் சாலையின் இருபுறமும் பார்த்தார். அந்தத் தயக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் இருவர் கூற்றும் வேறுபடுகின்றன. "ஒரு மூச்சு விட்டேன், அவ்வளவுதான்" என்பது அவர் சொல்வது. "பதில் தேடினாரு" என்பது யாரக்கா சொல்வது. சிறுமியின் தாய் எண்ணுக்கு அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள், அணைக்கப்பட்டிருந்தது. தந்தை தொலைதூர லாரி ஓட்டுபவர்; அவர் எண் கிடைக்கவில்லை. யாரக்கா சிறுமியை வகுப்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, மைதானத்தின் அந்தப் பக்கத்துக்குக் குரல் கொடுத்தார்.

"சொல்லு பொருந்தல!"

அவர் வேறு எதுவும் சொன்னாரா என்பதுதான் பின்னால் எழுந்த கேள்வி. அதற்கு அடுத்து நிகழ்ந்ததில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. "பொண்ணு தெரியாதுங்குதாம்!" என்று ஒரு குரல் எழுந்தது. எதிர்ப்பக்கம் காத்திருந்த பெற்றோர் சாலையைக் கடந்து வந்தார்கள். "பிள்ளை தூக்கறவன்" என்றது இன்னொரு குரல். ஒருவர் வண்டிச் சாவியைப் பிடுங்கினார். மற்றொருவர் அந்த மனிதரின் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றினார். அதே ஹெல்மெட்டால் அவரைத் தலையிலும் கையிலும் அடித்தவர் மருந்துக்கடைக்காரர். அவர் நின்ற இடம் கம்பிக்கு மிக அருகில். அடிக்கும்போது அவர் கைக்கடிகாரம் கம்பியில் உரசிய சத்தத்தைக்கூட யாரக்கா நினைவு கூர்கிறார்.

அடி வாங்கியவர் கதவின்மேல் சாய்ந்து, கம்பிகளுக்கிடையே விரல்களை நுழைத்தார். "அம்மா, தெறங்கம்மா" என்றார்.

யாரக்கா கையில் சாவி இருந்தது. கைப்பையில் எச்சரிக்கை இருந்தது. போன முறை திறந்ததன் விளைவை எல்லா ஜன்னல்களும் பார்த்திருந்தன. போதாக்குறைக்கு, கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதரை அவர் அப்போதும் நம்பவில்லை.

செக்கிங் பிரிவில் ஒவ்வொரு மேசைக்கும் மூன்று கூடைகள் இருந்தன என்று அவர் பின்னர் விளக்கினார். தேறியது ஒன்றில், கழித்தது ஒன்றில், எந்த முடிவுக்கும் வர முடியாதது மூன்றாவதில். மூன்றாவது கூடையை வேலை முடியும்போது ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை அதன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது. "சந்தேகம்னா இன்னும் தெரியலன்னுதானே அர்த்தம்? வெளிய இருந்தவங்களுக்குச் சந்தேகம்னாலே தெரிஞ்சு போச்சுன்னு ஆயிடுச்சு."

அவர் பெரிய கதவில் பதித்த சின்னக் கதவின் பூட்டைத் திறந்து, தாழை விலக்கி, அந்த மனிதரின் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டு, தம் முதுகைக் கொடுத்துக் கதவைச் சாத்தினார். இம்முறை வண்டி எதுவும் குறுக்கே நிற்கவில்லை. கதவு முழுதாக மூடிக்கொண்டது. அவரை அப்படியே காவல் அறைக்குள் தள்ளி, அதையும் வெளியே பூட்டினார்.

"என்னை ஏம்மா பூட்டுறீங்க?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"அவங்ககிட்டருந்து நீங்க தப்பிக்கணும். உங்ககிட்டருந்து பிள்ளைங்க தப்பிக்கணும். வாயை மூடிட்டு உக்காருங்க."

கூட்டம் கதவை உலுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கிய பெண்ணின் கால்களில் வேறு வேறு செருப்புகள் இருந்தன. தரையில் கிடந்த ஹெல்மெட்டைப் பார்த்ததும், "ஐயோ, இது என் வீட்டுக்காரரோடது! அவர் எங்க?" என்று அலறினாள். யாரக்கா அவளிடமும் முறை தவறாமல் கேட்டார். "நீங்க யாரு?" "சித்தி." சிறுமி மறுபடி வரவழைக்கப்பட்டாள். "சித்தி!" என்று ஓடி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப உள்ள இருக்கிறவரு?"

"மாடி மாமா" என்றாள் சிறுமி.

சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். "அவர் எங்க வீட்டு மாடியில குடியிருந்தவரும்மா. அப்ப இவ மாமா மாமான்னு கூப்பிடுவா. போன வருஷம் நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டோம். வீட்ல யாருக்கும் பிடிக்கல. இப்பத்தான் சமாதானம் ஆகுது. முறைக்குச் சித்தப்பா ஆயிட்டாரு. இவ வாய்க்கு மாமாவாவே இருக்காரு. குழந்தைதானேன்னு விட்டுட்டோம்."

நடுத்தெருவில் அவர் தயங்கியதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. அவள் பேசி முடிப்பதற்குள் கூட்டம் கரைந்துவிட்டது. எல்லோருக்கும் ஏதோ அவசர வேலை ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்ததைப் போல. காவல் அறையைத் திறந்தபோது சித்தப்பாவின் மணிக்கட்டு உடைந்திருப்பது தெரிந்தது. மூவரும் அதே ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போனார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் தாய் மகளைப் பார்த்தாள் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

சில நாட்களுக்குப் பின் கையில் கட்டோடு சித்தப்பா கதவருகே வந்தார். உள்ளே வரவில்லை.

"அன்னிக்கு என்னை இழுத்து உள்ள போட்டப்பவாவது நம்புனீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குத் தெறந்தீங்க?"

"நம்பியிருந்தா பாப்பாவை அப்பவே அனுப்பியிருப்பேன். நம்பாததாலதான் உங்களை உள்ள வச்சேன்."

சிரிப்பதா கோபப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு சொன்னார்: "போலீஸ்ல புகார் குடுத்திருக்கேன். 'பொண்ணு தெரியாதுங்குது'ன்னு நீங்க கத்தினதாலதான் கூட்டம் வந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் கேக்கல, ஹெல்மெட் போட்டிருந்தேன். அவங்க சொன்னதைத்தான் எழுதிக் குடுத்தேன். தப்பா எடுத்துக்காதீங்க."

இவ்வாறு இரண்டு குற்றச்சாட்டுகள் சேர்ந்தன: எச்சரிக்கையை மீறிக் கதவைத் திறந்தது ஒன்று, கூட்டத்தைத் தூண்டியது மற்றொன்று. முதலாவதை யாரக்கா மறுக்கவில்லை. இரண்டாவது உறுதியானால் வேலை மட்டுமன்று, வழக்கும் அவர் தலையில் விழும்.

நிர்வாகக் கூட்டம் தலைமையாசிரியையின் அறையில் நடந்தது. பெற்றோர் சங்கத் தலைவர் என்ற முறையில் மருந்துக்கடைக்காரரும் நாற்காலியில் இருந்தார். யாரக்கா நின்றுகொண்டிருந்தார். எல்லோருக்கும் முன்பாக, மிகுந்த கனிவோடு, பேச்சைத் தொடங்கியவர் மருந்துக்கடைக்காரர்தான்.

"பாவம், ஏதோ பதட்டத்துல ஒரு வார்த்தை விட்டுட்டாங்க. அதைப் பெருசுபடுத்த வேணாம். கதவைத் திறந்ததையும் மன்னிச்சு விடலாம்னு நான் சொல்றேன். போலீஸ்ல மட்டும் யார் அடிச்சாங்கன்னு தெளிவாத் தெரியலன்னு சொல்லிட்டாப் போதும். நூறு பேர் நின்ன இடம். தூசு வேற. உங்களுக்கும் சந்தேகம் இருக்கும் இல்ல?"

"எனக்கு எல்லார் மேலயும் சந்தேகம் சார்" என்றார் யாரக்கா. "உங்க மேல மட்டும் இல்ல."

தலைமையாசிரியை மேசை மேல் இருந்த பேனாவை மூடினார். "என்ன சொல்றீங்கன்னு யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

"ஹெல்மெட்டைப் பிடிச்சிருந்தது இவரு. கடிகாரம் போட்ட கை. கம்பிக்கு இந்தப் பக்கம் நான் நின்னேன். அந்தப் பக்கம் இவரு."

"பழிவாங்குறா!" என்று எழுந்தார் மருந்துக்கடைக்காரர். "தூண்டிவிட்டதே இவ! அந்த வார்த்தையைச் சொன்னது நீதானே? சொல்லு, உன் பிள்ளை மேல சத்தியமாச் சொல்லு, நீ சொல்லலையா?"

தாம் சொன்னது "சொல்லு பொருந்தல" மட்டும்தான் என்று யாரக்கா எண்ணினார். ஆனால் அந்தக் குரலைத் தம் காதாலும் கேட்டிருந்தார். அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை. படபடப்பில் தம் வாயிலிருந்தே வந்திருந்தால்? எவரையும் நம்பாதவர், தம் நினைவை மட்டும் எப்படி நம்புவது? அவர் சத்தியம் செய்யவில்லை. முடிவு ஒத்திவைக்கப்பட்டது, காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்த பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

வீட்டில் கணவர் போக வேண்டாம் என்றார். "அவன் கடை இல்லாம இந்தத் தெருவுல மாத்திரை எங்க வாங்குவ? நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா அவன்கிட்டதானே ஓடணும்?"

"அவன் குடுக்கிற மாத்திரையை இனிமே நீங்க முழுங்குவீங்களா?"

கணவர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார். "பஸ் ஏறிப் போய் வேற கடையில வாங்கிக்கறேன். உன்கூட இருந்து இருந்து எனக்கும் ஒட்டிக்கிச்சு."

காவல் நிலையத்தில் பெண் உதவி ஆய்வாளர் ஒருவர் கேட்டு எழுதினார். அடித்தவர் யார் என்ற இடத்தில் யாரக்கா தயங்கவில்லை. அடுத்த கேள்வி வந்தது.

"'பொண்ணு தெரியாதுங்குது'ன்னு நீங்க சொன்னீங்களா?"

"சொல்லலன்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா, தெரியுமா?"

யாரக்கா கைப்பையின் வாரை முறுக்கினார்.

"இதை இப்படியே விட்டா உங்களுக்குத்தான் ஆபத்து. ஞாபகம் வந்தா வாங்க. ரொம்ப நாள் எடுத்துக்காதீங்க."

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வீட்டுக்குப் போகும் வழி பள்ளிச் சாலைதான். பஞ்சர் கடையைத் தாண்டிச் சற்றுத் தூரம் நடந்ததும், தமக்குப் பின்னால் யாரோ நடையை வேகப்படுத்துவதை உணர்ந்தார். நின்றார், பின்னால் வந்த காலடியும் நின்றது. திரும்பாமலே கேட்டார்.

"யாரு?"

"நான்தான் அக்கா." பஞ்சர் கடை இளைஞர். கையில் இன்னும் டியூப் தேய்க்கும் அரத்தை வைத்திருந்தார். "ஸ்டேஷனுக்குப் போயிட்டு வர்றீங்களாமே."

"யாரு சொன்னா?"

"சும்மா, கேள்விப்பட்டேன்." உதட்டை நனைத்துக்கொண்டார். "என் பேரையும் சொல்லிட்டீங்களா அக்கா?"

யாரக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீ அடிச்சியா?"

"ஐயோ, சத்தியமா இல்ல. கையே வைக்கல. நான் கடையை விட்டு இறங்கவே இல்ல. யார வேணா கேளுங்க."

"அப்புறம் உன் பேரை எதுக்குச் சொல்லப் போறேன்?"

அவர் தரையைப் பார்த்தார். "இல்ல, அந்த வார்த்தை… கம்ப்ரசர் ஓடிட்டிருந்துச்சு அக்கா. நீங்க என்னமோ 'பொருந்தல'ன்னு கத்துனீங்க. பக்கத்துல இருந்தவங்க என்னடான்னு கேட்டாங்க. உள்ள போன பொண்ணு தலையை ஆட்டுற மாதிரி இருந்துச்சு. பொண்ணு தெரியாதுங்குதாம்னு சொன்னேன். அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை. அடிக்கச் சொல்லல."

சாலையில் ஒரு பேருந்து கடந்து போயிற்று. அதன் சத்தம் அடங்கிய பிறகு, யாரக்கா மிக மெதுவாகச் சொன்னார்.

"நீ சொன்னேன்னு எனக்குத் தெரியாதுடா. நான்தான் சொன்னேனோன்னு தூங்காம கெடந்தேன்."

இளைஞரின் முகம் மாறியது. "அப்ப… நீங்க பாக்கலையா?"

"பாக்கல. இப்ப கேட்டேன்."

"அக்கா, விட்டுருங்க அக்கா. மருந்துக்கடைக்காரரு என்னை இந்த இடத்துல கடை போட விடமாட்டாரு. உங்களைத்தான் கை காட்டணும்னு அவரு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காரு."

"அதையும் சேர்த்துச் சொல்லு. வா."

"எங்க?"

"எங்கிருந்து வர்றேனோ அங்கதான்."

"கடை தெறந்து கெடக்கு அக்கா."

"பூட்டிட்டு வா. நான் நிக்கறேன்."

இளைஞர் திரும்பி நடந்தார். கடைக்குள் போய், அரத்தை வைத்தார், கம்ப்ரசரை அணைத்தார், எடுத்து வைக்கத் தேவையில்லாத டயர் ஒன்றை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். கடையின் பின்பக்கம் கடைத்தெருவுக்குப் போகும் ஒரு சந்து உண்டு என்பது யாரக்காவுக்குத் தெரியும். அவர் சாலையைக் கடந்து, முன்கதவும் சந்தின் வாயும் ஒன்றாகத் தெரியும் இடத்துக்கு நகர்ந்து நின்றுகொண்டார்.

ஷட்டர் பாதி இறங்கி நின்றது. உள்ளே கால்கள் இரண்டு மட்டும் தெரிந்தன. யாரக்கா அவற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.